ஏற்காட்டு வீடு, இரண்டு கம்ப்ரஸர், இரண்டு ஹீட்டர், ஒரே தெர்மோஸ்டாட்: ஒத்துவருமா?

14 செப்டம்பர் 2024

நேராகக் கேள்விக்கு வருகிறேன். ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் எங்களுக்கு ஒரு பழைய வீடு இருக்கிறது. முன்பு அதை விடுதியாக நடத்தியவர் மச்சில் ஒரு டக்ட் யூனிட் (குழாய் வழியாக அறைகளுக்குக் காற்று அனுப்புவது) வைத்து, வெளியே மூன்று டன் கம்ப்ரஸர் இரண்டு போட்டிருக்கிறார். பனிக்காலத்துக்காக அதே டக்டுக்குள் மூன்று கிலோவாட் ஹீட்டர் இரண்டு வரிசை. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஹால் சுவரில் நான்கு ரோட்டரி சுவிட்சும், திருகுகிற தெர்மோஸ்டாட் ஒன்றும். அப்பா அம்மா மேலே இருக்கிறார்கள், நான் கீழே சேலம் அழகாபுரத்தில். அப்பா நான்கு சுவிட்சையும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போது என் தூக்கம் போய்விடும்.

அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கும் மாமா (அக்கா வீட்டுக்காரர்) போன மாதம் வந்தபோது ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பின்பக்கம் ஆர், சி, ஒய்1, ஒய்2, டபிள்யூ1, டபிள்யூ2, ஜி என்று முனைகள். ஒய் இரண்டும் கம்ப்ரஸருக்கு, டபிள்யூ இரண்டும் ஹீட்டருக்கு, ஜி ஃபேனுக்கு. எண்ணிக்கை எங்கள் வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. மாட்டலாமா?

ஏசி வேலை செய்கிற இருவரைக் கேட்டேன். ஒருவர் "ரிமோட் ஏசியா மாத்திருங்க சார்" என்றார். இன்னொருவர் வருகிறேன் என்றார், வரவில்லை.

15 செப்டம்பர் 2024

நேற்று ராத்திரி உட்கார்ந்து படித்ததில், மாட்டாமல் இருந்ததே நல்லது என்று ஆகிவிட்டது. இந்தப் பெட்டி 24 வோல்ட் ஏசி (மாறுதிசை) மின்சாரத்துக்குச் செய்தது. எவ்வளவு ஸ்மார்ட் என்று சொன்னாலும் உள்ளே இருப்பது சின்னச் சின்ன சுவிட்சுகள்தான். ஆர் முனைக்கு வரும் 24 வோல்ட்டை ஒய்1-க்குத் தொட்டுவிட்டால் முதல் கம்ப்ரஸர் ஓடும், டபிள்யூ1-க்குத் தொட்டால் முதல் ஹீட்டர். சி என்பது திரும்பிப் போகிற கம்பி, திரையும் வைஃபையும் உயிரோடு இருக்க அது வேண்டும். எங்கள் கான்டாக்டர் (கம்ப்ரஸருக்கும் ஹீட்டருக்கும் மின்சாரத்தைச் சேர்க்கிற பெரிய காந்த சுவிட்ச்) காயில்களோ எல்லாம் 230 வோல்ட். நேராகக் கொடுத்திருந்தால் தெர்மோஸ்டாட் அன்றே கரிக்கட்டை.

மாமா ஒரு டிரான்ஸ்பார்மரும் கொடுத்திருக்கிறார். அதில் 120 வோல்ட் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. கண்ணாடி போடாமல் சொருகப் போனேன். வீட்டுக்காரிதான் "அமெரிக்கா பிளக்கே வேற மாதிரி இருக்கே" என்று தடுத்தாள். பிளக்கின் வடிவம் காப்பாற்றியது.

22 செப்டம்பர் 2024

ஆள் கிடைத்துவிட்டார். ஏசிக்காரர் இல்லை, ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மோட்டார் பேனல் கட்டுகிற ஒரு அண்ணன். ஸ்மார்ட், வைஃபை எதுவும் அவருக்குத் தெரியாது. நான் காகிதத்தில் கிறுக்கிக் கொண்டுபோனதைப் பார்த்து, "ஏனுங்க, இது அஞ்சு ரிலே வேலைதானுங்க. உங்க பெட்டி ரிலேய இழுக்கும், ரிலே கான்டாக்டர இழுக்கும், அவ்வளவுதான்" என்றார். ரிலே என்றால் சின்ன மின்சாரத்தில் இழுபடுகிற காந்த சுவிட்ச். இரண்டு ஏசிக்காரர்களிடம் ஒரு வாரம் அலைந்த விஷயம் அது.

செவ்வாய்ப்பேட்டையில் 230-க்கு 24 டிரான்ஸ்பார்மர் ஒன்று (40 விஏ), 24 வோல்ட் ரிலே ஐந்து, அவற்றை மாட்டுகிற டின் ரெயில் பட்டை, இரண்டு ஆம்பியர் கண்ணாடி ஃப்யூஸ் எல்லாம் வாங்கினோம். மேலே கொண்டுபோய் மாட்டி ஆன் செய்ததும் பேனலுக்குள் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரு இரைச்சல். ரிலே ஒட்டுவதும் விடுவதுமாக நடுங்குகிறது. அண்ணன் ஒன்றைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பினார். 24 வோல்ட் டிசி, அதாவது நேர்திசை. கடைப்பையன் எடுத்துக் கொடுத்ததை நாங்களும் பார்க்காமல் வாங்கியிருக்கிறோம். மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, மாற்றிக்கொண்டு, இருபது ஏறி. ஏசி காயில் ரிலே போட்டதும் ஒரே ஒரு "டிக்". அப்புறம் அமைதி.

அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50 ஹெர்ட்ஸ் என்று பயந்திருந்தேன். தெர்மோஸ்டாட் அதைக் கண்டுகொள்ளவில்லை.

23 செப்டம்பர் 2024

இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசிக்கு இதே முறை ஆகுமா என்று இங்கே கேட்டவருக்கு: ஆகாது. அதில் உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் தங்களுக்குள் ஒரு கம்பியில் டேட்டா பேசிக்கொள்ளும், நடுவில் ரிலே வைத்து வெட்டினால் பிழை எண் காட்டி நின்றுவிடும். உங்களுக்கு ரிமோட்டைப் போல நடிக்கிற ஐஆர் பெட்டிதான் வழி. ஸ்டேஜ் கவலையும் (முதலில் ஒன்று, போதாவிட்டால் இரண்டாவது என்று படிப்படியாக ஓட்டுவது) உங்களுக்கு வேண்டாம், இன்வெர்ட்டரே தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

6 அக்டோபர் 2024

ஒரு பெரிய தப்பு செய்துவிட்டேன். யாரும் திரும்பச் செய்ய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

அமைக்கும்போது "உங்கள் ஹீட்டிங் எது?" என்று கேட்கும். நான் ஃபர்னஸ் (எரிபொருளில் ஓடும் சூட்டு அடுப்பு) என்று அழுத்திவிட்டேன். மாமா வீட்டில் அதுதான், அவர் அனுப்பிய படத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே கேஸ் ஃபர்னஸ் தன் ஃபேனைத் தானே ஓட்டிக்கொள்ளும், அதனால் தெர்மோஸ்டாட் ஹீட்டருக்கு மட்டும் சைகை கொடுத்துவிட்டு ஜி-யைத் தொடாது. எங்கள் வீட்டில் இருப்பது வெறும் கம்பிச்சுருள். நேற்று அதிகாலை டபிள்யூ1 ஒட்டியது, ஃபேன் ஓடவில்லை. அம்மா போன் செய்து, "சாம்பிராணி போட்ட மாதிரி வாசனை வருது, ஆனா சாம்பிராணி இல்லடா" என்றார். டக்டுக்குள் காற்றே இல்லாமல் சுருள் சிவந்து, பல வருஷத் தூசி கருகிய வாசனை. பழைய ஆள் வைத்திருந்த தெர்மல் கட்அவுட் (சூடு மீறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது) விழுந்ததால் அதோடு போயிற்று.

இப்போது எலக்ட்ரிக் என்று மாற்றி, ஹீட்டரோடு ஜி-யும் சேர்ந்து வருகிறதா என்று பத்து தடவை பார்த்தாகிவிட்டது. அது போதாது என்று அண்ணன் டக்டில் ஒரு ஏர்ஃப்ளோ சுவிட்ச் வைத்து, காற்று இல்லையென்றால் ஹீட்டர் கான்டாக்டரே ஒட்டாதபடி செய்துவிட்டார். "பெட்டிய நம்பாதீங்க, காத்த நம்புங்க" என்றார்.

24 நவம்பர் 2024

ஒரு மாதம் ஓடிவிட்டது. இரவு 17, காலை ஆறு மணிக்கு 21 என்று அட்டவணை. ஆறு மணி ஆனதும் இரண்டு ஹீட்டரும் ஒன்றாக விழித்துக்கொள்கின்றன. பெட்டியின் கணக்கு அப்படி: கேட்ட டிகிரிக்கும் இருக்கிற டிகிரிக்கும் இடைவெளி பெரிதென்றால் இரண்டாவது ஸ்டேஜைக் கூப்பிடு. நான்கு டிகிரி இடைவெளியை நானே உண்டாக்கிவிட்டு, அது ஏன் பதறுகிறது என்று கேட்கிறேன்.

தானாக ஸ்டேஜ் பார்க்கிற வசதியை அணைத்துவிட்டு, முதல் ஹீட்டர் நாற்பது நிமிடம் ஓடிய பிறகே இரண்டாவது என்று வைத்தேன். ஐந்து மணிக்கு 19, ஆறுக்கு 20, அவ்வளவு போதும். இப்போது டபிள்யூ2 வாரத்தில் ஒருநாள் வந்தால் அதிகம். பாதி பில் மிச்சம் என்று நினைக்கிறேன்.

25 நவம்பர் 2024

மிச்சம் என்று நேற்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். மூன்று கிலோவாட் இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஆறு யூனிட், ஆறு கிலோவாட் ஒரு மணி நேரம் ஓடினாலும் ஆறு யூனிட். கம்பிச்சுருளில் ஸ்டேஜ் பிரிப்பதால் யூனிட் குறையாது. குறைந்தது 21-ஐ 20 ஆக்கியதால்தான். ஸ்டேஜால் கிடைத்தது வேறு: ஹீட்டர் ஒட்டும்போது ஹால் விளக்கு மங்குவதில்லை. ராத்திரி வோல்டேஜ் சரிகிற எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அப்பா கண்டுபிடித்த நன்மை அது, நான் இல்லை.

15 டிசம்பர் 2024

மேஜை மேல் இருக்கிற சாதாரணத் தெர்மாமீட்டர் 20 காட்டுகிறது, சுவரில் பெட்டி 18 காட்டுகிறது. சரிசெய்ய அமைப்பிலேயே இடம் இருக்கிறது, இரண்டு டிகிரி கூட்டிவிட்டேன். மறுநாள் வித்தியாசம் அரை டிகிரிதான். அதற்கு மறுநாள் மறுபடி இரண்டு. காற்றடிக்கிற இரவில் அதிகம், அடங்கிய இரவில் குறைவு.

அம்மா சாமிக்கு ஏற்றிய ஊதுபத்தியில் ஒன்றை எடுத்துப் பெட்டியின் அடியில் பிடித்தேன். புகை நேராக மேலே போகாமல் சுவரைவிட்டு என் முகத்துக்கு வந்தது. கம்பி வருகிற குழாய் மச்சிலிருந்து நேரே பெட்டியின் முதுகில் திறக்கிறது. மச்சுக் குளிர் முழுக்க அந்த முக்கால் அங்குலக் குழாய் வழியாக இறங்கி சென்சாரைத் தடவிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்குள் என்ன குளிர் என்று கேட்டால் அது ஓட்டுக்கு அடியில் என்ன குளிர் என்று பதில் சொல்லியிருக்கிறது. கொஞ்சம் புட்டி வைத்து அடைத்தேன். கூட்டிய இரண்டு டிகிரியை எடுத்துவிட்டேன். இப்போது இரண்டும் ஒன்று.

உங்கள் பெட்டி தப்பாகக் காட்டினால், எண்ணைத் திருத்துவதற்கு முன் முதுகைப் பாருங்கள்.

19 ஜனவரி 2025

பொங்கலுக்கு எல்லோரும் மேலே. மாமா வீடியோவில் வந்து, "மாப்ள, அங்க எதுக்குடா ஹீட்டர்? எங்களுக்கு வெளிய மைனஸ் பதினஞ்சு" என்று சிரித்தார். எங்களுக்கு அன்று காலை 14. அவர் சொல்வதும் சரிதான், குளிருக்காக ஹீட்டர் என்று வைத்துக்கொண்டால் சால்வையே போதும்.

ஆனால் மூன்று மாதம் பார்த்ததில் எனக்கு வேறொன்று பிடிபட்டது. இங்கே ஹீட்டர் குளிருக்கு இல்லை, ஈரத்துக்கு. மழை மாதத்தில் மேகம் ஜன்னல் வழியாகவே உள்ளே வருகிறது. 17 டிகிரியில் ஈரப்பதம் 95 சதவீதம் இருக்கிற காற்றை, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட எடுக்காமல் 20-க்குச் சூடாக்கினாலே அது 79 ஆகிவிடும். சூடான காற்று அதிக நீரைத் தாங்கும் என்பதால் வருகிற கணக்கு. முதல் ஹீட்டர் ஒன்று மெல்ல ஓடினால் அதற்குப் போதும். அம்மாவின் பட்டுப்புடவை பீரோவில் இந்த வருஷம் பூஞ்சை இல்லை. அப்பளம் நமுத்துப்போவது மட்டும் தொடர்கிறது, சமையலறைக்கு டக்ட் கிடையாது.

20 ஏப்ரல் 2025

கோடை. சேலத்தில் கதவைத் திறந்தால் அடுப்படி. மேலே மதியம் 29, 30. ஒஹாயோக்காரர் இதை ஏசி போடுகிற வெயில் என்று ஒப்புக்கொள்வார், சேலத்துக்காரர் மாட்டார். வீடு மலையில் இருந்தாலும் பின்பக்க அறைகளுக்கு மேலே கான்கிரீட், சாயங்காலம் அது கொடுக்கிற சூட்டில் அப்பா முதல் முறையாக ஒய்1-ஐ ஓடவிட்டார்.

இரண்டு கம்ப்ரஸரும் சேர்ந்து ஓடினால் 24-ஐ இருபது நிமிடத்தில் தொட்டு நின்றுவிடுகிறது. பிறகு வீடு பிசுபிசு என்கிறது. அதற்கும் கணக்கு உண்டு. 24 டிகிரியில் 70 சதவீதம் ஈரம் உள்ள காற்றைத் தண்ணீர் எடுக்காமல் 22 ஆக்கினால் 79 ஆகிவிடும். சூடு போகிறது, ஈரம் தங்குகிறது. தண்ணீர் வெளியே போக, காற்றைக் குளிரவைக்கிற காயில் ஜில்லென்று நீண்ட நேரம் இருக்க வேண்டும். ஆகவே ஒய்2-வைக் கட்டிப்போட்டு, முதல் கம்ப்ரஸர் மட்டும் நீளமாக ஓடட்டும் என்று வைத்திருக்கிறேன். கூடவே, மணிக்குப் பதினைந்து நிமிடம் ஃபேன் சும்மா சுற்றுகிற வசதியையும் போட்டேன், காற்று ஓட்டம் நல்லதுதானே.

4 மே 2025

இல்லை, நல்லதில்லை. ஏப்ரல் 20 குறிப்பில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு ஃபேன். கம்ப்ரஸர் நின்றதும் காயிலில் இன்னும் தண்ணீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது ஃபேனைச் சுற்றவிட்டால் அந்தத் தண்ணீர் காய்ந்து வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். பெட்டியின் வரைபடத்தில் கண்ணால் பார்த்தேன்: கம்ப்ரஸர் ஓடும்போது ஈரம் இறங்குகிறது, ஒவ்வொரு ஃபேன் சுற்றலுக்கும் ஒரு சின்னக் குன்றாக ஏறுகிறது. மலைப்பாதை மாதிரி இருக்கிறது படம். கிணற்றில் இறைத்ததைக் கிணற்றிலேயே ஊற்றியிருக்கிறேன். அதை அணைத்தாயிற்று. கம்ப்ரஸர் நின்ற பிறகு ஃபேன் தொடர்கிற நேரத்தையும் பூஜ்யம் ஆக்கினேன்.

இரண்டாவது தப்பு பெரியது. முதல் ஸ்டேஜ் நீளமாக ஓடினால் ஈரம் எடுக்கும் என்று எழுதினேன். எடுக்கவே இல்லை. 66-க்குக் கீழே வரவில்லை. மச்சில் ஏறி பேனலைத் திறந்த பிறகு புரிந்தது. ஃபேனுக்கு ஒரே வேகம்தான் கட்டியிருக்கிறார்கள், அது இரண்டு கம்ப்ரஸருக்கும் சேர்த்து அளந்த வேகம். டன்னுக்கு 400 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) என்பது வழக்கமான கணக்கு, ஆறு டன்னுக்கு 2400. ஒரு கம்ப்ரஸர் மட்டும் ஓடும்போதும் அதே 2400. பாதிக் காற்று ஓடாத காயில் வழியாகச் சூடாகவே நழுவி வந்து, மீதிப் பாதியோடு கலந்துவிடுகிறது. ஓடுகிற காயிலும் அத்தனை காற்றில் சரியாக ஜில்லிடுவதில்லை.

அதாவது இந்த வீட்டில் ஸ்டேஜ் என்பது கம்ப்ரஸரில் மட்டும் இருந்தது, காற்றில் இல்லை. தெர்மோஸ்டாட் என்ன பாடுபட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

18 மே 2025

கோடை விழாக் கூட்டத்தில் மாட்டி, அடிவாரத்திலிருந்து ஒண்டிக்கடை வரை வரவே இரண்டரை மணி நேரம். பேனல் அண்ணன் வண்டியிலேயே தூங்கி எழுந்துவிட்டார்.

ஃபேன் மோட்டாரில் வேகத்துக்கு மூன்று கம்பி இருந்திருக்கிறது, நடுவிலும் கீழும் இருந்த இரண்டைச் சுற்றி டேப் ஒட்டி வைத்திருந்தார்கள். ஒய்2 ரிலேயில் சும்மா இருந்த இன்னொரு ஜோடி முனையை அண்ணன் எடுத்துக்கொண்டார். ஒய்2 இல்லாதபோது குறைந்த வேகம், ஒய்2 வந்ததும் முழு வேகம். டபிள்யூ2-க்கும் அப்படியே, இரண்டு ஹீட்டர் எரியும்போது காற்று குறையவே கூடாது. இரண்டு வேகமும் ஒரே சமயத்தில் மோட்டாருக்குப் போகாதபடி ஒன்றை ஒன்று பூட்டியிருக்கிறார், இல்லாவிட்டால் மோட்டார் எரிந்துவிடும்.

இன்னொன்றும் சொன்னார், எனக்குத் தோன்றாதது. "மேல காத்தே லேசுங்க, ரொம்பக் குறைச்சுராதீங்க." உண்மை. 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய 14 சதவீதம் குறைவு. ஃபேன் அதே கன அளவைத் தள்ளினாலும் எடை அவ்வளவு குறைவாகப் போகும், காயில் உறைந்துபோகலாம். அதனால் ஆகக் குறைந்த கம்பியை விட்டுவிட்டு நடுவில் உள்ளதைக் கட்டினோம். ஜவ்வரிசி ஆலைக்காரருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். மலை மேல் காப்பித் தோட்டங்களில் புளோயர் மாட்டிய அனுபவமாம்.

25 மே 2025

24 டிகிரி, 58 சதவீதம். முதல் கம்ப்ரஸர் மட்டும், ஒரு மணி நேரம் பத்து நிமிடம் தொடர்ந்து. வெளியே தண்ணீர்க் குழாயிலிருந்து சொட்டு இல்லை, நூலாக ஒழுகியது. அப்பா அடியில் வாளி வைத்து ரோஜாச் செடிக்கு ஊற்றுகிறார்.

13 ஜூலை 2025

ஸ்டேஜ் விஷயம் அடங்கிவிட்டதால் கொஞ்சம் அரட்டை. பழைய திருகு தெர்மோஸ்டாட்டைத் தூக்கிப் போடவில்லை, பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு உலோகச் சுருளும் தொடுமுனையும், வேறொன்றும் இல்லை. அமெரிக்காவில் ஹனிவெல் 1953-இல் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட்டில் அந்தச் சுருளின் முனையில் ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதரசம் உருளும். அதில் எனக்குப் பிடித்தது அந்தப் பாதரசம் இல்லை, ஒரு துளி மின்தடை. ஹீட்டர் ஓடும்போது அது தானும் சூடாகி, அறை சூடாகி முடிப்பதற்குச் சற்று முன்பே நிறுத்திவிடும், மீதிச் சூட்டில் அறை தானாக வந்து சேரும். அடுப்பை அணைத்த பிறகும் சாதம் வேகும் என்று அம்மாவுக்குத் தெரிகிற மாதிரி.

2 நவம்பர் 2025

மேகம் போய்விட்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். முதலில் ஏற்காட்டு மேகத்தைக் கேட்கிறார் என்று நினைத்தேன். கம்பெனி சர்வரைச் சொல்கிறார்.

நியாயமான கேள்வி. 2011, 2012-இல் வந்த முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்குப் போன மாதம் 25-ஆம் தேதியோடு கூகுள் ஆதரவை நிறுத்திவிட்டது. சுவரில் நேரடியாகத் திருப்பினால் வேலை செய்யும், போனிலிருந்து முடியாது. என்னுடையது வேறு பெட்டி, ஆனால் அதற்கும் ஒருநாள் அது வரும். எனக்குப் பயமில்லை. ஏர்ஃப்ளோ சுவிட்ச், ஃபேன் வேகம், கட்அவுட் எல்லாம் பேனலில் இருக்கின்றன, பெட்டியில் இல்லை. பெட்டி செத்தால் அதே ஏழு கம்பியில் இன்னொன்றை மாட்டலாம். அதுவும் கிடைக்காவிட்டால் ரோட்டரி சுவிட்ச் நான்கும் சுவரில் அப்படியே இருக்கின்றன. இப்போது அவற்றுக்குக் கம்பி இணைப்பு இல்லாவிட்டாலும் அப்பா தினமும் படுக்கப்போகும் முன் அவற்றை ஒருமுறை திருகிவிட்டுத்தான் போகிறார்.

9 நவம்பர் 2025

ஓமலூர் நண்பர் கேட்ட இணைப்புப் படத்தை அண்ணன் சரிபார்த்துக் கொடுத்ததும் போடுகிறேன், என் கிறுக்கலை நம்பி யாரும் கம்பி வெட்ட வேண்டாம். ரிலே வாங்கும்போது ஏசி காயில் என்று சொல்லிக் கேளுங்கள், சொன்ன பிறகும் திருப்பிப் பாருங்கள்.

மாமா கொடுத்த 120 வோல்ட் டிரான்ஸ்பார்மர் புத்தம் புதிதாக இன்னும் டப்பாவில் இருக்கிறது. ஒஹாயோ பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அழகாபுரத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.